39 வாய்தா

அண்ணன் எல்லா வாய்தாத் தேதியையும் ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தார். ஒரே ஒரு அவதூறு வழக்குக்காக, ஆறு வருடத்தில் 39. அதில் நான் கூடப் போனது ஏழோ எட்டோ இருக்கும். விடியற்காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் பத்து மணிக்கு அந்த ஊர் கோர்ட் வாசலில் நிற்க முடியும். பேர் கூப்பிடும்போது கைகட்டிப் போய் நின்றுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு நாள் நீதிபதி விடுப்பு. இன்னொரு நாள் புகார்தாரர் வரவில்லை. மற்றொரு நாள் அவருடைய வக்கீல் வேறு கோர்ட்டில் இருப்பார். அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு எதிரே இருக்கும் கடையில் ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறினால், வீடு சேரும்போது தெருவில் விளக்கெல்லாம் அணைந்திருக்கும்.

அண்ணன் ஒரு தாலுகா நிருபர். பத்திரிகைத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது என்ன வேலை என்று சொல்ல வேண்டும். தாலுகா நிருபருக்கு மாதச் சம்பளம் என்று பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. வெளிவந்த செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வரும். அது வண்டிக்குப் பெட்ரோல் போடவே போதாது. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கிடைக்கும் கமிஷனில்தான் குடும்பம் ஓடும். பொங்கல் மலர், தீபாவளி மலர், அமைச்சர் வருகைக்கு வரவேற்பு விளம்பரம். அதையெல்லாம் யாரிடம் கேட்பது? ஒன்றியக் கவுன்சிலரிடம், ஒப்பந்ததாரரிடம், தனியார் பள்ளித் தாளாளரிடம், கட்சியின் நகரச் செயலாளரிடம். எந்த ஆட்களைப் பற்றி எழுத வேண்டுமோ அதே ஆட்களின் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்க வேண்டும். பத்திரிகைச் சுதந்திரம் என்று பேசும்போது நாம் பெரும்பாலும் டெல்லியையும் சென்னையையும் நினைக்கிறோம். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ரசீதுப் புத்தகம்தான்.

அப்படிப்பட்ட நிலையிலும் அண்ணன் அந்தச் செய்தியை எழுதினார். ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும் நீளமுள்ள கிராமச் சாலை. போட்டு ஒரே மழையில் ஓரமெல்லாம் பெயர்ந்துவிட்டது. ஊர்க்காரர்கள் சொன்னதை வைத்து அவர் எழுதிவிடவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, எஸ்டிமேட்டும் எம்.புக்கும் கேட்டார். எம்.புக் என்றால் அளவுப் புத்தகம். எவ்வளவு நீளம், எவ்வளவு கனம், எவ்வளவு ஜல்லி என்று பொறியாளர் அளந்து கையெழுத்துப் போடுகிற புத்தகம். அதை வைத்துத்தான் பில் பாஸாகும். 30 நாளில் வர வேண்டிய பதில் வரவில்லை. மேல்முறையீடு போட்டார், அப்புறம் நகல் வந்தது. தார்க் கலவை 20 மில்லிமீட்டர் கனம் என்று அதில் எழுதியிருந்தது. அண்ணன் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய், ஊர்ப் பெரியவர்கள் இருவரை வைத்துக்கொண்டு, பெயர்ந்த விளிம்பில் ஒன்பது இடத்தில் அளந்தார். ஒரு இடத்தில்கூட 20 இல்லை. அளவையும் படத்தையும் அனுப்பினார். சும்மா சொல்லவில்லை, அதே பத்திரிகையில் வரும் செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைக்கும் டெஸ்க்கில் நான் இருந்த காலத்தில் கையில் வந்த சுத்தமான செய்திகளில் அது ஒன்று.

அதற்குத் தலைப்பு வைத்தது நான்.

'முறைகேடு' என்ற சொல்லை நான்தான் தலைப்பில் போட்டேன். அண்ணன் எழுதிய செய்தியில் அந்தச் சொல் இல்லை. அளவுகள் மட்டும்தான் இருந்தன. ஒப்பந்ததாரர் கொடுத்த அவதூறுப் புகாரில் முதல் பத்தியிலேயே மேற்கோள் காட்டியிருந்தது என் தலைப்பைத்தான். புகார் போட்டதும் பக்கத்து ஊர் கோர்ட்டில் இல்லை. பஸ்ஸில் நாலு மணி நேரம் போக வேண்டிய ஊரில். அங்கேயும் பத்திரிகை விற்கிறது, அங்கே இருக்கும் தன் உறவினர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார், தன் மானம் அங்கே போனது என்று காரணம் எழுதியிருந்தார். ஆசிரியர், வெளியீட்டாளர், நிருபர் என்று மூன்று பேர்மீது வழக்கு. நிர்வாகத்தின் வக்கீல் உயர் நீதிமன்றத்துக்குப் போய் முதல் இரண்டு பேரை வழக்கிலிருந்து விடுவித்துக் கொண்டுவந்தார். மூன்றாவது பெயர் அந்த மனுவிலேயே இல்லை. தலைப்பு வைத்த என் பெயர் எங்குமே இல்லை. அண்ணன் மட்டும் பஸ் ஏறினார்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் நான் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இந்தியாவில் பத்திரிகைச் சுதந்திரத்தின் சட்ட வரலாற்றில் பாதி நம் ஊர்க் கதை. சென்னை அரசாங்கம் ஒன்றைத் தடுக்கப் போய், அதிலிருந்து பிறந்த தீர்ப்புகள் நாடு முழுவதற்கும் சட்டமாகியிருக்கின்றன.

முதல் கதை சேலத்தில் தொடங்குகிறது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. 1950 பிப்ரவரி 11. சேலம் சிறையில் அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். சுவருக்குள் இருந்தவர்கள், ஓட வழியில்லாதவர்கள். மூன்று வாரம்கூட முடியவில்லை, மார்ச் 1ஆம் தேதி சென்னை அரசு ஒரு ஆணை போட்டது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ்ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார ஏடு மாகாணத்துக்குள் நுழையவே கூடாது என்றது அது. காரணம் பொதுப் பாதுகாப்பு. 22 பேர் செத்த மாகாணத்தில், பாதுகாப்புக்கு ஆபத்து என்று அரசு கண்டுபிடித்தது ஒரு காகிதத்தை.

தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார். மே 26ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, நம் பக்கத்துக்காரர்தான், பின்னாளில் தலைமை நீதிபதி ஆனவர். பொது அமைதி என்கிற பரந்த காரணத்தைச் சொல்லி ஏட்டைத் தடுக்க முடியாது, அரசையே கவிழ்க்கக்கூடிய அளவுக்கு ஆபத்து இருந்தால்தான் முடியும் என்று பெரும்பான்மை சொன்னது. படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. ஆனால் சந்தோஷப்பட நேரமே இருக்கவில்லை. அடுத்த வருடம் ஜூனில் அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் பொது ஒழுங்கு சேர்க்கப்பட்டது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் நுழைந்தது, அதுவரை கொஞ்சம் நல்லது. ஆனாலும் கோர்ட்டில் தோற்ற அரசு சட்டத்தையே திருத்திக்கொள்ளும் வழக்கம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. அதைச் செய்தது ஏதோ கொடுங்கோல் அரசு அல்ல, விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போய்வந்த தலைவர்களின் அரசு. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

இரண்டாவது கதையை எல்லோரும் வேறு காரணத்துக்காக அறிவார்கள். ஆட்டோ சங்கர். ஆறு கொலைகள், தூக்குத் தண்டனை. அந்தத் தண்டனைக் கைதி சிறையிலிருந்தபடி தன் வாழ்க்கையை எழுதியிருப்பதாகவும், அதில் அவனோடு தொடர்பிலிருந்த போலீஸ் உயர் அதிகாரிகளின் பெயர்கள் இருப்பதாகவும், அதைத் தொடராக வெளியிடப் போவதாகவும் 1994இல் 'நக்கீரன்' அறிவித்தது. உடனே சிறைத் துறைத் தலைவரிடமிருந்து கடிதம். இது அவன் எழுதியதே அல்ல, வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று. தொடர் வெளிவருவதற்கு முன்னாலேயே. யாருடைய பெயர் வரும் என்று பயப்படுகிறார்களோ அவர்களே கடிதம் எழுதித் தடுக்க முடிகிற நிலை.

உச்ச நீதிமன்றம் அக்டோபர் 7ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதியது. அதை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். அதன் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். தன்னைப் பற்றித் தப்பாக வரப்போகிறது என்று சொல்லி அரசோ அதிகாரியோ எதையும் வெளிவருவதற்கு முன்னால் தடுக்க முடியாது, அப்படி ஒரு அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. வந்தபின் வேண்டுமானால் வழக்குப் போடலாம். அதிலும் அரசும் நகராட்சி மாதிரி அமைப்புகளும் மானநஷ்ட ஈடு கேட்கவே முடியாது. அதிகாரி தன் அலுவல் சம்பந்தமாக எழுதப்பட்டதற்கு ஈடு கேட்க வேண்டுமானால், பொய் என்று காட்டினால் மட்டும் போதாது, உண்மையா என்று கவலையே படாமல் எழுதினார்கள் என்றும் காட்ட வேண்டும். தனி மனிதரின் அந்தரங்கத்துக்கும் அதே தீர்ப்பு பாதுகாப்புத் தந்தது. பொது ஆவணத்தில் இல்லாத ஒருவரின் சொந்த வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது. குடிமகனுக்குத் திரை, பதவிக்கு வெளிச்சம். இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. அடுத்த ஏப்ரலில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டான். அதுவும் அதே சேலம் சிறையில்.

நல்லவர்களுக்காக மட்டும் உரிமைகள் பிறப்பதில்லை என்பதை இந்த வழக்கில்தான் புரிந்துகொண்டேன். அன்றைக்கு ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காத ஒரு கம்யூனிஸ்ட் ஏடு, ஒரு கொலைகாரனின் கையெழுத்துப் பிரதி. அப்புறம் ஒரு அட்டைப்பட ஜோக். அதையும் சொல்ல வேண்டும்.

1987, எம்.ஜி.ஆர். முதல்வர். மேடையில் இருக்கும் இரண்டு பேரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்டு, ஒருவரைப் பிக்பாக்கெட்டுக்கும் இன்னொருவரை முகமூடிக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்ட ஜோக்கை 'ஆனந்த விகடன்' அட்டையில் போட்டது. சட்டமன்றத்துக்குக் கோபம் வந்தது. சபாநாயகர் பி.எச். பாண்டியன். சபையின் உரிமையை மீறினார் என்று ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் கடுங்காவல். குற்றப் பத்திரிகை இல்லை, சாட்சி இல்லை, அப்பீல் இல்லை. பாதிக்கப்பட்டவர்களே நீதிபதிகள். உரிமை மீறலுக்கான வரையறையைச் சட்டமாக எழுதிக்கொள்ளலாம் என்று அரசமைப்புச் சட்டமே சொல்லியும் இன்றுவரை யாரும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதுதான் வசதி. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே அவரை விட்டுவிட்டார்கள். அவர் அதோடு விடவில்லை. வழக்குப் போட்டார். 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சிறைவாசம் செல்லாது என்றது, 1,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்தப் பணத்தை அவர் செலவு செய்யாமல் ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்தார். ஏழு வருடம் ஆனது அந்த ஆயிரம் ரூபாய்க்கு. 2003இல் 'தி இந்து' ஆசிரியர் குழுவினருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் இதே சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தபோது, உச்ச நீதிமன்றம் மூன்றே நாளில் நிறுத்தி வைத்தது.

சரி, இத்தனை வெற்றி இருக்கிறதே, பிறகு ஏன் அண்ணன் 39 தடவை பஸ் ஏறினார்?

1994 தீர்ப்பு ஈடு கேட்கும் சிவில் வழக்கைப் பற்றித்தான் பேசியது. கிரிமினல் அவதூறு என்ற வாசல் திறந்தேதான் இருந்தது. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய பிரிவு, இரண்டு வருடம் வரை சிறை. 2016இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது, புதிய தண்டனைச் சட்டத்திலும் அது பத்திரமாக இருக்கிறது. அமைச்சர்களுக்கு இதில் தனிச் சலுகை வேறு. தன் அலுவல் பற்றி எழுதியதால் மானம் போனது என்று அமைச்சர் நினைத்தால் அவர் கோர்ட் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. அரசு அனுமதி கொடுத்தால், அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் போடலாம். வழக்குச் செலவு நம் வரிப்பணம். யாருடைய பணத்துக்குக் கணக்குக் கேட்டோமோ அந்தப் பணத்திலேயே நம்மேல் வழக்கு நடக்கும். 2016இல் உச்ச நீதிமன்றத்தில் கணக்குக் கேட்டபோது, முந்தைய ஐந்து ஆண்டுகளில் தமிழக அரசு போட்ட அவதூறு வழக்குகள் 200க்கு மேல் என்று தெரியவந்தது. அதில் ஐம்பதுக்கும் மேல் பத்திரிகைகள், தொலைக்காட்சிகள் மீது. 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆசிரியர்கள்மீது இருந்த பல வழக்குகளை ரத்துசெய்து, அரசு வழக்கறிஞர் என்பவர் அமைச்சர் கொடுத்த கடிதத்தைச் சேர்க்கும் தபால்காரர் அல்ல, யோசித்துத்தான் வழக்குப் போட வேண்டும் என்ற பொருளில் கண்டித்தது. அருமையான தீர்ப்பு. ஆனால் அந்த ஆசிரியர்களில் சிலர் அதற்காக எட்டு வருடம் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்டனை வாங்கித் தருவது இந்த வழக்குகளின் நோக்கமே அல்ல. வாய்தாதான் தண்டனை.

பஸ்ஸில் ஒரு முறை அண்ணனிடம் 1994 தீர்ப்பை உற்சாகமாக விளக்கிக்கொண்டு வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. இத அந்த பெஞ்ச் கிளார்க்கிட்ட காட்டினா, என் பேர மத்தியானத்துக்குள்ள கூப்பிடுவாரா?" என்றார். அன்றைக்கு அவருடைய மகளுக்குப் பள்ளியில் ஆண்டு விழா. எனக்குப் பேச்சே வரவில்லை.

அவர் கேட்ட கேள்வியோடு சேர்த்து யோசிக்க வேண்டியது, அந்த எம்.புக் நகல். அது கையில் இருந்ததால்தான் அவர் நிமிர்ந்து நின்றார். வாய்மொழியாகக் கேட்டதை மட்டும் வைத்து எழுதியிருந்தால் முதல் வருடமே மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பார்கள். பத்திரிகைக்காரருக்கு உண்மையான கவசம் தீர்ப்பு அல்ல, ஆவணம். அதனால்தான் ஆவணத்தைப் பூட்டி வைக்கும் ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் பார்த்து நான் பதறுகிறேன். தகவல் அறியச் சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு, 1997இல். பெருமைதான், ஆனால் கொடுக்கக் கூடாத தகவல்களின் பட்டியல் அதில் நீளமாக இருந்தது. 2005இல் வந்த மத்தியச் சட்டம் நிஜமாகவே பெரிது. காகிதம் மட்டுமல்ல, வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடலாம், சாலையில் போட்ட பொருளின் மாதிரியைக்கூடச் சான்றோடு கேட்டு வாங்கலாம். இது பலருக்குத் தெரியாது, அண்ணனுக்கும் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் 2008இல் தமிழக அரசு ஒரு ஆணையில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தையே இந்தச் சட்டத்தின் வரம்பிலிருந்து எடுத்துவிட்டது. உளவு அமைப்புகளுக்குத் தருகிற விலக்கு அது. ஊழல் புகார் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு செல்லாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் அதைச் சொல்லி வாதாட மறுபடி ஒரு மேல்முறையீடு, மறுபடி ஒரு வாய்தா.

2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவை மாற்றிவிட்டார்கள். பழைய பிரிவில், சொந்தத் தகவலாகவே இருந்தாலும் பொது வேலையோடு சம்பந்தம் இருந்தால், பொது நலன் இருந்தால், கொடுக்க வேண்டும் என்றிருந்தது. அந்த வரிகளை வெட்டி, சொந்தத் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள். பொது நலனுக்காகக் கொடுக்கலாம் என்று வேறொரு பிரிவு இன்னும் இருக்கிறது, அது உண்மைதான். ஆனால் தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் தகவல் அலுவலர் எந்தப் பிரிவைத் தேடி எடுப்பார் என்று உங்களுக்கே தெரியும். எம்.புக்கில் ஒப்பந்ததாரர் பெயர் இருக்கிறது, பொறியாளர் கையெழுத்து இருக்கிறது. அதுவும் சொந்தத் தகவல் என்று நாளைக்கு ஒரு பதில் வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இணையத்தில் இந்த ரகசியம் இன்னும் கெட்டியாகிறது. 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து கைவிலங்கோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் விவகாரத்தில் பிரதமரைக் கேலி செய்த கார்ட்டூன் ஒன்றை விகடனின் இணைய இதழ் வெளியிட்டது. சில நாளில் விகடன் தளமே திறக்கவில்லை. ஒரு படத்துக்காக ஒரு நிறுவனத்தின் மொத்தத் தளம். மார்ச் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தை இப்போதைக்கு நீக்கினால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்ட பிறகுதான் வாசகர்கள் உள்ளே போக முடிந்தது. 1987இல் பாலசுப்ரமணியனுக்குத் தண்டனை கொடுத்தது யார், எதற்கு, எந்த நாளில் என்பது சபைக் குறிப்பிலேயே இருக்கிறது. இணையத் தடைக்கான 2009 விதிகளிலோ, யார் புகார் கொடுத்தார்கள், என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்பதையெல்லாம் ரகசியமாக வைக்க வேண்டும் என்று தனியாக ஒரு விதியே இருக்கிறது. தடுக்கப்பட்டதும் தெரியாது, ஏன் என்றும் தெரியாது. இதற்குச் சட்டமன்றத்தின் கோபமே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது.

எனக்கு ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. அவதூறுப் புகார் வந்ததும் சம்மன் அனுப்புவதற்கு முன்னால் செய்திக்குப் பின்னால் இருக்கும் ஆவணத்தை நீதிபதி ஒரு முறை பார்க்கட்டும். நிருபர் வேலை செய்யும் ஊர் கோர்ட்டில்தான் வழக்குப் போட முடியும் என்று ஆகட்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கொடுக்க நீதிபதிக்கு ஏற்கெனவே அதிகாரம் உண்டு, அதைக் கேட்டு வாங்கித் தர ஒரு வக்கீலைப் பத்திரிகை வைக்கட்டும். ஆசிரியரைக் காப்பாற்றும் மனுவில் நிருபரின் பெயரையும் ஒரு வரி சேர்க்கட்டும். அந்த ஒரு வரிக்காக அன்றைக்கு நான் நிர்வாகத்திடம் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தலைப்புக்கு நான்தான் பொறுப்பு என்று எழுதியாவது கொடுத்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

39ஆவது வாய்தாவிலும் புகார்தாரர் வரவில்லை. அதற்கு முந்தைய நான்கு தடவையும் வரவில்லை. நீதிபதி புதியவர், வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வழக்கை முடித்து அண்ணனை விடுவித்துவிட்டார். செய்தி உண்மையா பொய்யா என்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எம்.புக் நகலும் ஒன்பது அளவும் கடைசிவரை பைக்குள்ளேயே இருந்தன. வெளியே வந்ததும் அண்ணன் டீக்கடைக்காரரிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லி விடைபெற்றார். அவர் காசு வாங்கவில்லை.

போன மாதம் அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வழியில் அந்தச் சாலை வந்தது. இடையில் மறுபடி போட்டிருக்கிறார்கள், கறுப்பாக, புதுசாக இருந்தது. அண்ணன் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மண்ணைக் கையால் ஒதுக்கி, தாரின் கனத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அரை இஞ்ச்கூட இல்ல தம்பி," என்றார். "உங்க போன்ல ஸ்கேல் மாதிரி ஏதோ வருமாமே, அத எடுங்க."